சம்பளமா, ஷிப்டா, முதல் இரண்டு வருடமா? சிறைக் காவலர்களைத் தக்கவைக்க எதற்கு முதலில் செலவழிப்பது

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் காவலர் பற்றாக்குறை என்று பேசும்போது இரண்டு தனித்தனிச் சிக்கல்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். வேலைக்கு ஆள் வரவில்லை என்பது ஒன்று. வந்தவர் நிலைக்கவில்லை என்பது மற்றொன்று. விளம்பரம், ஆன்லைன் தேர்வு, 18 வயதிலேயே சேரலாம் என்ற விதி எல்லாம் முதல் சிக்கலுக்கான மருந்து. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக அந்த நாட்டை வாட்டுவது இரண்டாவது சிக்கல்தான். அதற்கு என்ன வழிகள் இருக்கின்றன, கையில் இருக்கிற பணம் குறைவு என்றால் எதை முதலில் செய்ய வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

காவலர் வரவில்லை என்றால் சிறையில் என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறைக் கதவு திறக்காது. பட்டறை வேலை ரத்தாகும், வகுப்பு ரத்தாகும், மருத்துவமனைக்குக் கூட்டிப் போக ஆள் இருக்காது. நாளின் பெரும்பகுதி பூட்டிய அறைக்குள் கிடந்தவர் கதவு திறக்கும்போது எந்த மனநிலையில் வெளியே வருவார்? அவர் எதிரே நிற்பது வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமான 20 வயதுப் பையனாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். அதனால் காவலரின் சம்பளம், ஷிப்ட் பற்றிய பேச்சு கைதியின் வாழ்க்கையைப் பற்றிய பேச்சும்தான்.

என் முடிவை முன்கூட்டியே சொல்கிறேன். அடிப்படைச் சம்பளத்தை நியாயமான ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருவது முதல் நிபந்தனை. அதைத் தாண்டிக் கிடைக்கிற ஒவ்வொரு பவுண்டும் ஒருவர் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடத்தை நோக்கிப் போக வேண்டும். குறிப்பிட்ட சிறைகளுக்கு மட்டும் கூடுதல் படி, ஓவர்டைம் என்ற இரண்டு வழிகளும் அரசுகளுக்கு எப்போதும் பிடித்தவை. ஆனால் இரண்டுமே வலியைக் கொஞ்ச நேரம் மறக்கச் செய்பவை.

2010 வாக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் அரசுச் சிறைகளில் சுமார் 25,000 சீருடைக் காவலர்கள் இருந்தார்கள். சிக்கன நடவடிக்கை வந்தது. 2014க்குள் அந்த எண்ணிக்கை சுமார் 18,000 ஆகிவிட்டது. கைதிகளின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையவில்லை. 2013ல் கொண்டுவந்த விருப்ப விலகல் திட்டத்தில் பணம் கொடுத்து அனுப்பி வைத்தது பெரும்பாலும் அனுபவசாலிகளை. அவர்கள் சம்பளம் அதிகம், அவர்கள் போனால் கணக்கில் மிச்சம் அதிகம். ஆனால் ஒரு விங்கில் (கைதிகளின் அறைகள் உள்ள கட்டடப் பிரிவில்) நுழைந்ததும் சத்தம் வழக்கம்போல இருக்கிறதா, இல்லை ஏதோ நடக்கப் போகிறதா என்று காதாலேயே சொல்லிவிடுகிற ஆட்களும் அவர்களோடு போய்விட்டார்கள்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காவலர் மீதான தாக்குதல் 2010ல் ஆண்டுக்கு 3,000க்கும் கீழே இருந்தது. 2024ல் 10,000ஐத் தாண்டிவிட்டது. 2016 நவம்பரில் ஆயிரக்கணக்கான காவலர்கள் பாதுகாப்பு கேட்டு வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அன்றே உயர் நீதிமன்றம் அவர்களைத் திரும்பப் போகச் சொன்னது, ஏனென்றால் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டவே கூடாது. அதே ஆண்டு டிசம்பரில் பர்மிங்காம் சிறையில் பெரிய கலவரம். அப்போதைய நீதித்துறை அமைச்சர் லிஸ் டிரஸ் அந்த நவம்பரின் தொடக்கத்திலேயே 2,500 புதிய காவலர்களைச் சேர்ப்பதாக அறிவித்திருந்தார். 2018ல், குறித்த நாளுக்கு முன்பே, அந்த இலக்கை எட்டினார்கள். இது உண்மையான சாதனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாளியின் அடியில் ஓட்டை அப்படியே இருந்தது. 2022 நடுவில் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதக் காவலர்கள் வேலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்து 12, 13 சதவீதத்தில் நிற்கிறது. சுமார் 23,000 பேர் உள்ள படையில் இது வருடத்துக்கு ஏறத்தாழ 3,000 பேர். மூன்றில் ஒருவருக்கும் மேல் மூன்று வருட அனுபவம்கூட இல்லாதவர்கள்.

சரி, முதல் வழி: எல்லோருக்கும் சம்பள உயர்வு.

சம்பளம் முக்கியமில்லை, மரியாதைதான் முக்கியம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வாடகை கட்ட மரியாதை உதவாது. 2012ல் ஒரு புதிய சம்பள முறை வந்தது. அதற்கு முன் சேர்ந்தவர்கள் பழைய விகிதத்தில் இருக்க, பின்னால் வந்தவர்கள் அதே விங்கில் அதே வேலையை ஆயிரக்கணக்கான பவுண்டு குறைவாக வாங்கிக்கொண்டு செய்தார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தன்னைவிட அதிகம் என்று தெரிந்தே தினமும் வேலைக்கு வருவது மனதை அரிக்கும் விஷயம். வேலைநிறுத்த உரிமை இல்லாததற்கு ஈடாக 2001ல் சுதந்திரமான ஊதிய மறுஆய்வுக் குழு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அந்தக் குழுவே 2020ல், இந்தப் புதிய முறையில் கீழ்நிலையில் இருக்கும் காவலர்களுக்கு 3,000 பவுண்டு உயர்வு கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. கட்டுப்படியாகாது என்று அரசு மறுத்துவிட்டது. அடுத்த இரண்டு வருடங்களில் காவலர்கள் கும்பலாக வெளியேறினார்கள். 2022ல் கீழ்நிலையில் இருந்தவர்களுக்குப் பெரிய உயர்வு கொடுத்தார்கள். 2023ல் மேலும் 7 சதவீதம். தொடக்கச் சம்பளம் 30,000 பவுண்டைத் தாண்டியது. விலகும் விகிதம் அதற்கப்புறம்தான் இறங்க ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் வெளியே வேலை கிடைப்பதும் கடினமாகிக்கொண்டு வந்தது, அதனால் முழுப் பெருமையையும் சம்பளத்துக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் பெரும் பங்கு அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

சம்பள உயர்வின் குறை, அதன் விலை. 23,000 பேருக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு என்றால் 2.3 கோடி பவுண்டு. பென்ஷன் பங்கும் வரியும் சேர்த்தால் இன்னும் மேலே போகும். ஒருமுறை கொடுத்தால் ஒவ்வொரு வருடமும் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பகுதி எப்படியும் வேலையில் தொடரப் போகிறவர்களுக்குப் போகிறது. அவர்களுக்குக் கொடுப்பது வீண் என்று சொல்லவில்லை, அது அவர்களுக்குச் சேர வேண்டிய நியாயம். ஆனால் கேள்வி ஒருவரை நிறுத்திவைப்பது பற்றி என்றால், அந்த 1,000 பவுண்டு ஆறு மாதத்தில் பழகிப்போய்விடும். முகத்தில் எச்சில் துப்பப்பட்ட நாளின் மாலையில், இன்னொரு வேலை தேடலாமா என்று யோசிப்பவரை அது தடுக்காது. நாடாளுமன்றத்தின் நீதித்துறைக் குழு 2023ல் நடத்திய ஆய்வில் காவலர்களில் பாதிப் பேர், தாங்கள் வேலை செய்யும் சிறையில் பாதுகாப்பாக உணரவில்லை என்றார்கள். பயத்துக்குச் சம்பளம் ஒரு எல்லை வரைதான் ஈடு செய்யும்.

இரண்டாவது வழி, குறிப்பிட்ட சிறைகளுக்கு மட்டும் கூடுதல் படி. 2017 பிப்ரவரியில் லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் உள்ள 31 சிறைகளில் ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 பவுண்டு வரை கூடுதலாகத் தருவதாக அறிவித்தார்கள். வீட்டு வாடகை உச்சத்தில் இருக்கும் பகுதி, வேறு வேலைகளும் ஏராளம், அதனால் அங்கே மட்டும் கூடுதல் என்பது புத்திசாலித்தனமான கணக்காகத்தான் தெரிந்தது. செலவும் குறைவு. ஆள் சேர்க்க உதவவும் செய்தது.

ஆனால் மில்டன் கீன்ஸ் பக்கத்தில் இருக்கும் வுட்ஹில் சிறையைப் பாருங்கள். அதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2023 ஆகஸ்டில் தலைமைச் சிறை ஆய்வாளர் சார்லி டெய்லர் அந்தச் சிறைக்கு அவசர எச்சரிக்கை அறிவிப்பு கொடுக்க வேண்டி வந்தது. வன்முறையும் கடுமையான ஆள் பற்றாக்குறையும்தான் காரணம். ஆறு வருடம் படி கொடுத்தும் ஆள் நிற்கவில்லை. இந்தப் படி ஒரு இடத்துக்கான விலை, ஒருவர் அங்கே எத்தனை காலம் தங்கினார் என்பதற்கான விலை கிடையாது. சேர்ந்த முதல் மாதத்தில் என்ன கிடைக்குமோ அதேதான் ஐந்தாவது வருடத்திலும். போதாக்குறைக்கு, படி கிடைக்காத பக்கத்துச் சிறையில் இருப்பவருக்கு எரிச்சல். பொதுச் சம்பளம் ஏற ஏற படியின் மதிப்பும் தேய்ந்துவிடும். இந்தப் பணத்தை இரண்டாம் ஆண்டு முடிவில் கொஞ்சம், நாலாம் ஆண்டு முடிவில் கொஞ்சம் அதிகம் என்று தங்கியதற்காகக் கொடுத்திருந்தால் வேறு விளைவு கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

மூன்றாவது வழியான ஓவர்டைமைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அது யாரும் முடிவெடுக்காமலேயே தானாக வந்து உட்கார்ந்துவிடுகிற வழி. ஆள் குறைவு, ஷிப்ட் நிரப்ப வேண்டும், இருப்பவரையே இன்னும் நாலு மணி நேரம் நில் என்கிறோம். இங்கிலாந்தில் இதற்கென்று தனிக் கூடுதல் நேர ஊதியம் உண்டு. அது போதாதபோது வேறு சிறையிலிருந்து ஆளைக் கடன் வாங்கி ஓட்டலில் தங்கவைக்கிறார்கள். இந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க நியூயார்க் மாநிலத்துக்குப் போக வேண்டும்.

2025 பிப்ரவரி 17 அன்று அந்த மாநிலச் சிறைக் காவலர்கள் சட்டத்துக்கு விரோதமான வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கம்கூட அதற்கு அனுமதி தரவில்லை. அவர்கள் சொன்ன குறைகளில் முக்கியமானது கட்டாய ஓவர்டைம். 16 மணி நேரம், சில நேரம் 24 மணி நேரம் ஒரே மூச்சாக வேலை. தனிமைச் சிறையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையும் எதிர்த்தார்கள். அந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் இல்லை. மனிதரை நாள்கணக்கில் தனியறையில் பூட்டுவதைக் கட்டுப்படுத்தியது சரியான செயல். ஆனால் 24 மணி நேர ஷிப்ட் பற்றி அவர்கள் சொன்னது முழு நியாயம். 22 நாள் நீடித்த அந்த வேலைநிறுத்தத்தில் நேஷனல் கார்டு என்ற துணை ராணுவப் படையினரைச் சிறைகளுக்குள் கொண்டுவந்தார்கள். முடிவில் ஒப்பந்தம் போட்டபோது தற்காலிகமாக ஓவர்டைமுக்கு இரண்டரை மடங்கு ஊதியம் என்றார்கள். திரும்பி வராத 2,000க்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதாவது ஆள் குறைவால் வந்த போராட்டம், இன்னும் பெரிய ஆள் குறைவில் முடிந்தது. மிஞ்சியவர்களின் ஷிப்ட் இன்னும் நீண்டது. அதற்கப்புறம் வேலையில் சேரும் வயதை 21லிருந்து 18ஆகக் குறைத்தார்கள்.

ஓவர்டைம் பணம் பலருக்குத் தேவைப்படுகிறது என்பதும் உண்மை. வீட்டுக் கடன் கட்டுகிறவர் வேண்டுமென்றே கேட்டு வாங்குவார். அதைத் தடுக்க வேண்டியதில்லை. கட்டாயமாக்குவதுதான் ஆளைக் கொல்கிறது. குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர முடியுமா என்று காலையில் சொல்ல முடியாத வேலையை இரண்டு வருடத்துக்கு மேல் யார் செய்வார்? ஷிப்ட் அட்டவணை ஆறு வாரத்துக்கு முன்பே கையில் வரும், அதை மாற்றினால் கூடுதல் பணம் தருவோம் என்ற ஒரே விதி போதும். பெரிய செலவு வைக்காமல் நிறையப் பேரை நிறுத்திவைக்கும். அந்த ‘மாற்றினால் பணம்’ என்பதும் அவசியம், இல்லையென்றால் மேலே இருப்பவருக்கு அட்டவணையைக் கலைப்பது இலவசம்.

இங்கே நம் ஊர் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாசிக்கிற பலருக்கு இந்தச் சிக்கலே விசித்திரமாகத் தோன்றும். தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய பணிகளுக்கு ஒரே பொதுத் தேர்வு வைக்கிறது. இலட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள். அரசு வேலை, கிடைத்தால் விடமாட்டார்கள். இந்தியச் சிறைகளிலும் பணியிடங்கள் ஏராளமாகக் காலியாகத்தான் கிடக்கின்றன, ஆனால் அது அரசு நிரப்பாமல் விட்டது. இங்கிலாந்தில் நிரப்ப நிரப்பக் காலியாகிறது. அதனால் அங்கே பலிக்கிற மருந்து இங்கே அப்படியே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் ஒரு வழியாக முயற்சி செய்யப்பட்டது. திறன் விசாவில் நைஜீரியா போன்ற நாடுகளைச் சேர்ந்த பலர் பிரிட்டன் சிறைகளில் சேர்ந்தார்கள். நல்ல வேலைக்காரர்கள் வந்தார்கள். ஆனால் 2025 ஜூலையில் அந்த விசாவுக்கான சம்பள வரம்பு 41,700 பவுண்டாக ஏறியது. பெரும்பாலான சாதாரணக் காவலர்களின் சம்பளம் அதை எட்டாது. ஒரு துறை கூப்பிட்டு எடுத்த ஆளை இன்னொரு துறையின் விதி வெளியே தள்ளக்கூடும் என்றால், அதை நம்பி ஒரு சிறையின் அட்டவணையைப் போட முடியாது. குடும்பத்தோடு நாடு விட்டு வந்தவர்களுக்கு இது செய்யப்பட்ட அநியாயமும்கூட.

இப்போது நான் முன்வைக்கிற வழிக்கு வருகிறேன்: முதல் இரண்டு வருடம்.

புதிய காவலருக்கு இங்கிலாந்தில் கிடைப்பது சில வாரப் பயிற்சிதான். நார்வேயில் இரண்டு ஆண்டு உயர்கல்வி, சம்பளத்தோடு, நடுவில் உண்மையான சிறையில் பயிற்சிக் காலம். நார்வே சின்ன நாடு, கைதிகள் சில ஆயிரம்தான், அதை அப்படியே நகல் எடு என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. ஆனால் இங்கிலாந்தில் முன்பு எழுதப்படாத ஒரு பயிற்சி இருந்தது. புதியவர் விங்குக்கு வந்தால் பத்துப் பதினைந்து வருடப் பழக்கமுள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பார். கைதியிடம் ‘முடியாது’ என்பதை எப்படிச் சொன்னால் சண்டை வராது, எப்போது குரலைத் தாழ்த்த வேண்டும், யாருடைய அம்மா இறந்துபோனார், யாருக்குக் கடன் இருக்கிறது, எல்லாம் அவரிடமிருந்துதான் புதியவருக்கு வரும். 2013ல் பணம் கொடுத்து அனுப்பியது இந்த ஆசிரியர்களைத்தான். இப்போது எட்டு மாதம் ஆனவர், நேற்று வந்தவருக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

கைதி ஒவ்வொருவருக்கும் ஒரு காவலர் பொறுப்பு, வாரம் 45 நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும், ஒரு காவலருக்குச் சுமார் ஆறு கைதி என்று ஒரு நல்ல திட்டம் 2018 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. காவலர் வேலையில் மனிதர் நிலைத்து நிற்க எது காரணமாக இருக்கும் என்று கேட்டால், நான் இதைத்தான் சுட்டுவேன். ஒரு ஆள் தன் கண்முன் கொஞ்சம் தேறி வருவதைப் பார்ப்பது. ஆனால் ஆள் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது அந்த 45 நிமிடம். மிஞ்சுவது கதவைத் திறப்பதும் பூட்டுவதும் மட்டும். அந்த வேலைக்கு 30,000 பவுண்டு போதாது, 40,000 கொடுத்தாலும் போதாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் அனுமானக் கணக்கு. சுமார் 120 சிறைகள், சிறைக்கு மூன்று அனுபவசாலிகளை ஷிப்ட் அட்டவணையிலிருந்து முழுதாக விடுவித்துப் புதியவர்களோடு மட்டும் நடக்கவிட்டால் 360 பணியிடம். ஒரு பணியிடத்துக்கு எல்லாம் சேர்த்து 45,000 பவுண்டு என்று வைத்தால் 1.6 கோடி பவுண்டு சொச்சம். இரண்டு வருடம் முடிக்கும் 2,000 பேருக்கு ஆளுக்கு 2,500 பவுண்டு கொடுத்தால் 50 இலட்சம். இரண்டும் சேர்ந்தாலும், எல்லோருக்கும் 1,000 பவுண்டு கூட்டுவதைவிடக் குறைவு. விலகுகிற 3,000 பேரில் 500 பேரை நிறுத்தினாலே தேர்வு, பயிற்சி, சீருடை, பின்னணிச் சோதனை என்று ஒவ்வொருவருக்கும் ஆகும் செலவு மிச்சமாகத் தொடங்கிவிடும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு: வழிகாட்டியாக விடுவிக்க அந்த அனுபவசாலிகள் எங்கே இருக்கிறார்கள்? ஷிப்ட் நிரப்பவே ஆள் இல்லாதபோது மூன்று நல்ல ஆட்களை எடுத்தால் விங் இன்னும் ஆபத்தாகாதா? ஆகும். முதல் ஆறு மாதம் மோசமாகத்தான் இருக்கும். அதனால்தான் இதை எல்லாச் சிறைகளிலும் ஒரே நாளில் தொடங்கக் கூடாது என்கிறேன். விலகும் விகிதம் மிக அதிகமுள்ள பத்துப் பதினைந்து சிறைகளில், ஓய்வு பெற்றவர்களைப் பகுதிநேரமாகத் திரும்ப அழைத்துத் தொடங்கலாம். அவர்கள் விங்கில் தனியாக நிற்க வேண்டாம், புதியவரோடு நடந்தால் போதும்.

ஓய்வு என்றதும் பென்ஷன் வயதைச் சொல்லாமல் விட முடியாது. போலீஸுக்கும் தீயணைப்பாளர்களுக்கும் ஓய்வு வயது 60. சிறைக் காவலரின் பென்ஷன் வயது அரசின் பொது ஓய்வு வயதோடு கட்டப்பட்டிருக்கிறது, இளையவர்களுக்கு அது 68 வரை போகும். 25 வயதுக் கைதியை 67 வயதில் ஒருவர் தரையில் அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது அரசு. 30 வயதில் சேர யோசிக்கிறவர் இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பாரா? உடனே செலவு வைக்காத, ஆனால் நீண்ட காலத்தில் மிகப் பெரிய செலவு வைக்கிற மாற்றம் இது. நியாயப்படி செய்தே ஆக வேண்டியது. ஆனால் இரண்டாம் வருடத்தில் விலகுகிற 22 வயதுக்காரரை இது நிறுத்தாது என்பதால் தக்கவைக்கும் கணக்கில் இதைத் தனியாக வைக்கிறேன்.

ஆகவே வரிசை இப்படி. ஊதிய மறுஆய்வுக் குழு சொல்வதை அரசு ஒவ்வொரு ஆண்டும் முழுதாக, நேரத்தோடு ஏற்க வேண்டும். வேலைநிறுத்த உரிமையை எடுத்துக்கொண்ட அரசுக்கு 2020ல் செய்ததைப் போல மறுக்கத் தார்மீக உரிமை இல்லை. அடுத்து, கட்டாய ஓவர்டைமுக்கு வரம்பும் முன்கூட்டிய அட்டவணையும். மூன்றாவதாக, மேலே சொன்ன வழிகாட்டிகளும் தங்கியதற்கான தொகையும். இடத்துக்கான படிகளை இருக்கிறவர்களிடமிருந்து பிடுங்க வேண்டாம். புதிதாகத் தரும்போது மட்டும் அதைத் தங்கிய காலத்தோடு கட்டிவிடலாம்.

இது பலிக்கிறதா என்று பார்க்க ஒரே எண் போதும்: சேர்ந்த இரண்டு வருடத்துக்குள் விலகுகிறவர்கள் எத்தனை சதவீதம், சிறை வாரியாக. வழிகாட்டிகள் வைத்த சிறைகளில் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த எண் மற்றச் சிறைகளைவிடக் குறையவில்லை என்றால், அந்த 1.6 கோடியை எடுத்து அடிப்படைச் சம்பளத்தில் போட்டுவிட வேண்டும்.